பாத்துக்குறேன் என்று சொன்ன போட்டோகிராபர்

பிரீமியம் வாங்கும்போது பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள் ஏஜெண்டுகள். பணம் கேட்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் கிளெயிம் பிரிவுக்காரர்கள். இன்சூரன்ஸ் என்றால் ஊர் இப்படித்தான் நினைக்கிறது. இப்போது அந்தக் கிளெயிம் பிரிவின் நாற்காலிகளில் நீங்கள் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். திட்டு வாங்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கடலூர்க் கிளையில் நான் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே இருந்துவிட்டேன். "எங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். விதிகளைச் சொல்லமாட்டேன். அவை கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன, என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். நான் சொல்லப்போவது பெருமை. கலப்படமில்லாத தற்பெருமை. பிடிக்காதவர்கள் இப்போதே டீ குடிக்க எழுந்து போகலாம். வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வாருங்கள், சர்க்கரை வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இளகின மனசுக்காரி இல்லை. சேத்தியாத்தோப்பு ஸ்டுடியோக்காரர் ஒருவர், கல்யாண ஜோடியை ஆற்றங்கரையில் வைத்துப் படம் எடுக்கும்போது கேமரா வெள்ளாற்றில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது என்று கிளெயிம் போட்டார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஏறிப் போய், அவரையும் கூட்டிக்கொண்டு பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். நடு ஆற்றில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

"எந்த இடத்துல சார் வுழுந்துச்சு? அந்த ஸ்டம்ப் பக்கத்துலயா?" என்று கேட்டேன்.

மனிதர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விட்டுடுங்க மேடம்" என்றார். அவர் கிளெயிமை மறுத்துக் கோப்பை மூடினேன். அதிலும் எனக்குப் பெருமைதான். ஏமாற்ற வருகிறவருக்குக் கொடுக்கிற பணம் நம் பணம் இல்லை, ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிற மற்றவர்களின் பணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். போய்ப் பார்ப்பது. கோப்பில் ஆறு என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால்தான் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும். இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் நான் போய்ப் பார்த்தது ஆற்றை இல்லை, ஒரு சொல்லை.

கல்யாண போட்டோகிராபர்கள் நம்மிடம் பாலிசி எடுக்க ஆரம்பித்தது கேமரா விலை தலைக்கு மேலே போன பிறகு. கேமராவுக்கு எடுத்தார்கள், லென்சுக்கு எடுத்தார்கள், அப்புறம் ட்ரோனுக்கு எடுத்தார்கள். கேமராவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தூக்கம் வராமல் யோசிக்கிறவர்கள், தங்கள் கேமராவால், லைட்டால், ஒயரால் இன்னொருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதே இல்லை. அதற்கும் ஒரு காப்பீடு உண்டு, மூன்றாம் நபர் பொறுப்பு என்று பெயர். உங்கள் கவனக்குறைவால் வெளியாள் ஒருவருக்கு அடிபட்டு, சட்டப்படி நீங்கள் நஷ்டஈடு தரவேண்டி வந்தால் அதை நிறுவனம் தரும். கேமரா பாலிசியோடு சேர்த்துக் கொடுத்ததால் எல்லாரும் வாங்கினார்கள். யாரும் படிக்கவில்லை.

நான் கல்யாணத்துக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன். ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். ஸ்டாண்டில் ஏறி நிற்கிற லைட்டு, அதன் அடியில் பட்டுப்பாவாடையோடு ஓடுகிற குழந்தைகள், தலைக்கு மேலே ரீங்காரமிடும் ட்ரோன். "கல்யாணத்துக்கு வந்தியா, சர்வேக்கு வந்தியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இதனாலேயே என்னோடு கல்யாணத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அருள்மணி சிதம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோகிராபர். திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். பாலிசி புதுப்பிக்கக் கடலூர் வரும்போதெல்லாம் என் மேஜைக்கு வந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவான். வாய் ஓயாத ஆள். என்னைப் பார்த்து, "மேடம், உங்கள கிளெயிமுக்காகப் பாக்குற நாள் மட்டும் எனக்கு வரவே கூடாது" என்பான்.

அந்த நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, முந்தின நாள் முகூர்த்தத்தில் கசங்கின அதே சட்டையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான். வழக்கமான வணக்கத்தைக் கூடப் போடவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். இப்போது கல்யாணங்களில் மேடையை எடுத்தால் போதாது, பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வதையும் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை. அதற்காக லைட்டைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அருள்மணியும் போனான். பரிமாறுகிறவர்கள் போய்வருகிற வழியில், இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே, ஒயரை இழுத்துவிட்டான். டேப் போட்டு ஒட்டுவது வழக்கம். ஊட்டுகிற நேரம் தவறிவிடும் என்ற அவசரத்தில் அன்றைக்கு ஒட்டவில்லை.

கேட்டரிங் குழுவில் பரிமாற வந்த கலாவதி என்ற பெண் ரச வாளியோடு வந்தாள். ஒயரில் கால் தடுக்கியது. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கியது, முழங்கை வரை கொதிக்கிற ரசம் கொட்டியது. அருள்மணி கேமராவைப் போட்டுவிட்டு ஓடி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். டாக்டர் சொன்னது: வெந்த புண் ஆறுகிற வரைக்கும் ஆபரேஷன் செய்ய முடியாது, ஆறிய பிறகு தள்ளிப்போடவும் முடியாது. கைக்கென்றே படித்த நிபுணரிடம் காட்டித் தகடு வைக்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அதைச் செய்யாவிட்டால் எலும்பு எப்படியோ கூடிவிடும், ஆனால் விரல் மடங்காது. வாளி தூக்கிப் பிழைக்கிறவளுக்கு விரல் மடங்காது.

"டேப் ஒட்டாதது என் தப்பு மேடம்" என்றான் அருள்மணி.

"அதுக்குத்தான்பா இந்த பாலிசி. தப்பே செய்யாதவனுக்கு எதுக்குப் பொறுப்புக் காப்பீடு?" என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. அவன் மேல் தப்பு இருக்கிறதே, எப்படிக் கொடுப்பது என்று யோசிப்பார்கள். அவன் மேல் தப்பு இருப்பதால்தான் கொடுக்கிறோம்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "வுழுந்ததும் நீ அந்தம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"இன்னா சொல்லுவாங்க மேடம்? அவுங்க கத்துறாங்க. கையப் புடிச்சுக்கிட்டு, அழாதீங்கக்கா, நான் பாத்துக்குறேன்னு சொன்னேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். பொறுப்புக் காப்பீட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, வாக்குக் கொடுக்கக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது. மீறினால் நிறுவனம் கையை விரித்துவிடலாம். இந்த நிபந்தனையை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்தவன் பணத்தில் தாராளம் காட்டுவது சுலபம். சொந்தக்காரனோடு பேசிவைத்துக்கொண்டு விழுகிற ஆட்களும் உண்டு. ஆனால் நம் ஊரில் ஒரு மனுஷி எதிரே விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அலறும்போது, மனுஷனாகப் பிறந்தவன் வாயில் முதலில் வருகிற வார்த்தை எதுவோ, அதுவே அவனைப் பாலிசிக்கு வெளியே தள்ளிவிடும் என்று அந்த நிபந்தனையை எழுதினவருக்குத் தெரிந்திருக்காது.

"சொல்லக் கூடாதா மேடம்?" என்று கேட்டான். நான் விளக்கினேன். உடனே அவன் சொன்னான்: "அப்ப என் கேமராவெல்லாம் வித்து நானே குடுத்துடுறேன்."

"குடுத்தேன்னா அதுவும் நிபந்தனைய மீறுனதுதான். பொறு. பணத்தப் பத்தி ஒரு வார்த்த பேசாத, யாருக்கும் எதுவும் குடுக்காத."

"போயி பாக்கவாவது செய்யலாமா?"

"அதுக்குத் தடை இல்ல. போ."

எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேடம், அது வீடியோவுல இருக்கு. ரெண்டாவது கேமரா ஸ்டாண்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒயரு, வுழுந்தது, நான் சொன்னது எல்லாமே பதிவாயிருக்கு. அழிச்சிடவா?"

பக்கத்து மேஜைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் தலையைத் தூக்காமலேயே, "அழிக்கட்டும் மேடம், நமக்கும் வேலை மிச்சம்" என்றார். நல்ல மனிதர்தான். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். ஒரு பட்டனைத் தட்டினால் போதும், வார்த்தையும் இல்லை, நிபந்தனையும் இல்லை, கலாவதிக்கு ஆபரேஷன். எனக்கும் ஒரு நிமிடம் மனசு அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வந்தது. ஆனால் வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியவள் நான். இவன் நல்லவன் என்பதற்காகத் தண்ணீர் இருந்ததாக எழுத முடியுமா?

"அழிச்சா நீ திருடன் ஆயிடுவ, நான் திருடனுக்குக் கூட்டாளி ஆயிடுவேன். அப்படியே கொண்டுவந்து குடு" என்றேன்.

கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பிள்ளையின் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

கோட்ட மேலாளர் நேர்மையான மனிதர், பாலிசி நிபந்தனைகளை வரிக்கு வரி அறிந்தவர். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பாத்துக்குறேன்னா என்னம்மா அர்த்தம்? செலவ நான் ஏத்துக்குறேன்னுதானே? இத நாம விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் வாக்குக் குடுத்துட்டு நம்ம வாசல்ல வந்து நிப்பான். நிராகரிப்புக் கடிதம் தயார் பண்ணி அனுப்புங்க."

"சார், நேர்ல வந்து பேச ஒரு வாய்ப்புக் குடுங்க."

"வாங்க. ஆனா கடிதத்தோட வாங்க" என்றார்.

கடிதத்தைத் தயார் செய்தேன். பொய் சொல்லமாட்டேன், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் தயார் செய்தேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு முதலில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கலாவதி வீட்டில் நாற்காலியில் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். இன்சூரன்சிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் மாறியது. உதவி செய்ய வந்தவள் என்று நினைக்கவில்லை, சாட்சி கலைக்க வந்தவள் என்று நினைத்தாள்.

"அந்தத் தம்பி மேல கேசு போடச் சொல்றீங்களா? போடமாட்டேன்" என்றாள்.

"கேசு வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வுழுந்தப்ப அவரு உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

"பாத்துக்குறேன்னு சொன்னாரு."

"அப்படின்னா? பணம் தரேன்னு சொன்னாரா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பணமா? இன்னா மேடம் பேசுறீங்க? நான் உயிர் போற வலில கத்திக்கிட்டு இருக்கேன், அங்க யாராவது காசு பேசுவாங்களா? மண்டபத்துக்காரரும்தான் பாத்துக்கலாம்னு சொன்னாரு. பொண்ணோட அப்பாவும் பாத்துக்குறோம்னு சொன்னாரு. எங்க கேட்டரிங் அண்ணனும் பாத்துக்குறேன்னாரு. அன்னிக்கு எல்லாருந்தான் பாத்துக்குறேன்னாங்க. வந்து பாத்தது அந்தத் தம்பி மட்டுந்தான்."

சொல்லிவிட்டு, நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விரலு மடங்குமா மேடம்? அது மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஆறு மாசம் ஆனாலும் பரவால்ல. மடங்குமா?"

என் பைக்குள் இருக்கிற கடிதத்தைப் பொறுத்து அது மடங்கும் அல்லது மடங்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, உற்சாகம். எல்லாருந்தான் சொன்னாங்க என்று அவள் சொன்னாளே, அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அருள்மணி கொடுத்த வீடியோவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "யாரு கல்யாணம் இது?" என்று கேட்டார். "என் கல்யாணம்" என்றேன்.

கோட்ட அலுவலகத்தில் மேலாளரின் மேஜையில் லேப்டாப்பை வைத்தேன். "சார், அந்தக் குறிப்பிட்ட இடத்துக்கு நேராப் போகவேண்டாம். கொஞ்சம் முன்னாடியிலருந்து பாருங்க. படத்தப் பாக்காதீங்க, காதால கேளுங்க."

சாப்பாட்டுக் கூடம். கூச்சல். பொண்ணோட அம்மா தன் தங்கையிடம் பையைக் கொடுக்கிறாள்: "நகை இருக்குடி, பாத்துக்க." ஒருத்தர் போனில் டிரைவரிடம் கத்துகிறார்: "வண்டிய அங்கயே போட்டு பாத்துக்க." சமையல் பக்கமிருந்து ஒரு குரல்: "சாம்பாரு கம்மியா இருக்கு, பாத்துக்குங்க." மாப்பிள்ளையின் மாமா ஒருவர், தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்காத கோபத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "டேய் மச்சான், கல்யாணம் முடியட்டும், உன்னப் பாத்துக்குறேன்" என்கிறார்.

மேலாளரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஊட்டிக்கொள்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ரச வாளியோடு கலாவதி வருகிறாள். விழுகிறாள். அவள் அலறின அலறலில் மேலாளர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். அதற்கப்புறம் குரல்கள். மண்டபத்து மேனேஜர், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம், நீங்க உக்காருங்க" என்று விருந்தாளிகளிடம் சொல்கிறார். பொண்ணோட அப்பா, "நாங்க பாத்துக்குறோம், முதல்ல தூக்குங்க" என்கிறார். கேட்டரிங்காரர், "நான் பாத்துக்குறேன், நீங்க பந்திய கவனிங்க" என்கிறார். கடைசியாக, தரையில் ரசத்தில் மண்டியிட்டபடி அருள்மணி: "அழாதீங்கக்கா. நான் பாத்துக்குறேன். அழாதீங்க."

நிறுத்தினேன்.

"சார், இதுல பொறுப்ப ஒப்புக்கிட்டது யாரு? வாக்குக் குடுத்ததுன்னா நாலு பேரும் குடுத்திருக்காங்க. நாலு பேருமா நஷ்டஈடு தரேன்னு சொன்னாங்க? அந்த மாமா சொன்னதுக்குக் கொலை மிரட்டல்னு போலீசுக்குப் போகலாமா? இந்த ஒரு வார்த்தைக்கு நம்ம ஊர்ல அர்த்தம் வார்த்தையில இல்ல சார். யாரு, யாருகிட்ட, எந்த நெலமையில சொல்றாங்கன்றதுல இருக்கு. அந்தம்மாகிட்ட நேர்ல கேட்டேன். வாக்க வாங்கிக்கிட்டதா நாம சொல்றோமே, அந்தம்மாவே அத வாக்குன்னு எடுத்துக்கல. அழாதன்றதுக்கு இன்னொரு பேருதான் அது. ஆறுதல் சொல்றத எந்த நிபந்தனையும் தடுக்கல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒயர் தரையில கெடக்குறதும் தெரியுது, டேப் இல்லாததும் தெரியுது. இத அவனே குடுத்தானா?"

"அழிக்கவான்னு கேட்டான். வேணாம்னேன். குடுத்துட்டான். மறைக்கிறவனா இருந்தா நம்ம கைக்கு இதுல ஒண்ணும் வந்திருக்காது."

மேலாளர் லேப்டாப்பை மூடினார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அவர் கவலை வேறு. "நான் ஒத்துக்குறேன்னு வச்சுக்குங்க. ஆடிட்ல எடுப்பாங்க. 'பாத்துக்குறேன்'ன்றது வெறும் ஆறுதல்னு யார் முடிவு பண்ணதுன்னு கேப்பாங்க. நீங்க வேற ரிட்டையர் ஆகப்போற நேரம். விசாரணைன்னு ஒண்ணு வந்தா உங்களுக்கு வரவேண்டியதெல்லாம் நின்னுபோகும். யோசிச்சீங்களா?"

உண்மையில் யோசித்திருக்கவில்லை. அந்த நிமிஷம்தான் யோசித்தேன். பென்ஷன், வீட்டுக்கு வாங்கின கடன் எல்லாம் கண்ணில் வந்துபோயின. அப்புறம் தலையணை மேல் இருந்த அந்தக் கையும் வந்தது. பைக்குள் இருந்த நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். கையெழுத்துப் போடாமல் வைத்தேன்.

"ஆடிட் கேள்வி வந்தா நான் பாத்துக்குறேன் சார்" என்றேன்.

மேலாளர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மேடம், இப்ப நீங்க சொன்னது ஆறுதலா, பொறுப்ப ஏத்துக்கிறதா?"

வரிக்கு வரி அறிந்த மனிதர் என்றேனே. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது பொறுப்ப ஏத்துக்கிறது சார். இத நான் எழுத்துலயே தரேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அந்தச் சொல் ஏன் ஒப்புதல் ஆகாது, கிளெயிமை ஏன் ஏற்க வேண்டும், இந்த முடிவைப் பரிந்துரைப்பது யார். கீழே என் பெயர், கையெழுத்து. நான் இத்தனை வருஷத்தில் போட்ட கையெழுத்துகளில் யாருக்காகப் போட்டேன் என்று முகம் நினைவிருக்கிற கையெழுத்து அது ஒன்றுதான். நான் கொடுத்த தாளுக்குக் கீழே, "பரிந்துரையுடன் உடன்படுகிறேன்" என்று எழுதி மேலாளரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "சேந்தே பாத்துக்குவோம்" என்றார். அவருக்கும் எனக்கும் அதற்கு முன்பு அவ்வளவாக ஒட்டாது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

புண் ஆறி, டாக்டர் சொன்ன கெடுவுக்குள் கலாவதிக்கு ஆபரேஷன் நடந்தது. வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கும் சேர்த்து நஷ்டஈடு போனது. ஆடிட்டில் கேள்வி வந்தது, சொன்னபடி வந்தது. பதில் எழுதினேன், வீடியோவையும் அனுப்பினேன். அதைப் பார்த்த அதிகாரி போன் செய்து, "அந்த மாமாவுக்குக் கடைசில முதல் பந்தி கெடச்சுதா மேடம்?" என்று கேட்டார். அத்தோடு முடிந்தது.

அருள்மணி பிறகு என்ன செய்தான் தெரியுமா? சிதம்பரத்திலும் கடலூரிலும் தனக்குத் தெரிந்த போட்டோகிராபர்களையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி, என்னை நடுவில் உட்காரவைத்தான். விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னான். முதலில் ஆளைத் தூக்குங்கள், பிறகு எங்களுக்குப் போன் செய்யுங்கள், பணம் பேசாதீர்கள் என்றேன். ஒருவன் எழுந்து, "பாத்துக்குறேன்னு சொல்லலாமா மேடம்?" என்று கேட்டான். கூட்டமே சிரித்தது. "சொல்லு. சொல்லாம இருந்தா நீ மனுஷனே இல்ல. ஆனா சொல்ற நெலம வராம டேப்ப ஒட்டு" என்றேன்.

உங்களுக்கும் அதே மாதிரி ஒன்று சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்வேன். நிராகரிப்புக் கடிதம் எழுதுவது சுலபம், மாதிரிப் படிவமே இருக்கிறது. எழுதுங்கள், எழுதவேண்டியதற்கு எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு சொல்லைக் காரணம் காட்டி ஒருவரை வெளியே அனுப்புவதற்கு முன்னால், அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பஸ் டிக்கெட் பெரிய செலவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா பேத்திக்குக் கல்யாணம். தன் பக்கத்துக் கல்யாணம் என்பதால் மனிதரால் தப்பிக்க முடியவில்லை, என்னோடு வந்தார். பந்தியில் உட்கார்ந்தோம். வழக்கப்படி என் கண் முதலில் தரைக்குத்தான் போனது. லைட்டிலிருந்து வந்த ஒயரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை டேப் போட்டு அழுந்த ஒட்டியிருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தது அருள்மணி இல்லை, யாரோ எனக்குத் தெரியாத பையன்.

சாம்பார் வந்து போனது. அடுத்து ரசம் வந்தது. இலையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்தேன். கலாவதிதான். வரிசை வரிசையாக இலைகளைப் பார்த்துப் போகிறவள் முகங்களை எங்கே பார்க்கப்போகிறாள்? என்னை அடையாளம் தெரியவில்லை. வாளி இடது கையில் இருந்தது. கரண்டி வலது கையில். ஐந்து விரலும் மடங்கி அதைப் பிடித்திருந்தன.

சோற்றில் குழி செய்து காட்டினேன். ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அடுத்த இலைக்கு நகரப் போனாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். திரும்பி வந்து ஊற்றினாள்.

"உனக்குத்தான் ரசமே ஆவாதே" என்றார் பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றேன்.